உப்புத்திடலைத் தொடாத தடம்

புயல் வரப்போவதை உணர்ந்த சிலந்தி ஒன்று, வலையின் நடுவையாவது காப்பாற்றிக்கொள்வோம் என்று ஓர இழைகளைக் கடித்து அறுத்ததாம். கடைசி இழையும் அறுந்த பிறகுதான், தன் முட்டைப்பை எந்த ஓரத்தில் தொங்கியது என்பது அதற்கு நினைவு வந்ததாம். அந்தச் சிலந்திக்கு எட்டுக் கால். நம் கதையில் வரும் சிலந்திக்கு இரண்டு கால்களும் ஒரு மூக்குக்கண்ணாடியும் உண்டு.

விமான நிறுவனத்தில் அவரை எல்லாரும் சிலந்தி என்றே அழைத்தார்கள். எந்த விமானம் எந்த ஊரிலிருந்து எங்கே பறக்க வேண்டும் என்று தடம் வகுப்பது அவர் வேலை. ஊர்களைக் கோடுகளால் இணைத்து இணைத்து, சுவர் வரைபடத்தை வலையாகவே ஆக்கியிருந்தார்.

அன்று காலையில் மேலாளர் அவரைத் தம் அறைக்குள் அழைத்துக் கதவைத் தாழிட்டார். கைப்பேசியை வாங்கி இழுப்பறைக்குள் போட்டார்.

"கம்பெனி இன்னையோட முடிஞ்சுது, சிலந்தி. சாயங்காலம் இருட்டறதுக்குள்ள உரிமம் போயிடும். அப்புறம் நம்ம விமானம் எங்க நின்னாலும் அங்கேயே சங்கிலி போட்டுடுவாங்க. எல்லாத்தையும் இங்க கொண்டுவந்து சேர்க்கிற மாதிரி ஒரு திட்டம் போடுங்க. யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது."

"சம்பளமே மூச்சு விடாம படுத்திருக்கு, சார். நான் எங்க விடப்போறேன்?"

சொல்லிவிட்டுக் குனிந்து வேலையில் ஆழ்ந்தார். தடம் வகுப்பவர்களின் கண்ணுக்கு விமானங்கள் தெரியும், பயணிகள் தெரியமாட்டார்கள். பயணிகளின் பெயர்கள் வேறொரு மாடியில், வேறொரு கணினியில் இருக்கும். ஆகவே அவர் தயக்கமின்றி அறுத்தார். கிழக்கிலிருந்து வரும் பெரிய விமானம் வழக்கமாக உப்புத்திடலில் இறங்கும். வடக்கிலிருந்து சிறு விமானத்தில் வந்து காத்திருப்பவர்களை ஏற்றிக்கொண்டு தலைமை நிலையத்துக்கு வரும். இன்று அது இறங்கவே வேண்டாம், நேரே வரட்டும் என்று எழுதினார். எரிபொருளையும் நேர்வழிக்குப் போதுமான அளவே நிரப்பச் சொன்னார். சிக்கனமான திட்டம் என்று மேலாளர் பாராட்டிக் கையொப்பமிட்டார்.

உப்புத்திடல் ஓர் ஊரன்று. ஓர் ஓடுபாதை, ஒரு கொட்டகை, எண்ணெய் வியாபாரி ஒருவரின் எரிபொருள் தொட்டி, சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் உப்புச்சேறு. மழைக்காலத்தில் வண்டித்தடமும் முழுகிவிடும். குடிநீர்கூட இந்த நிறுவனத்தின் விமானத்தில்தான் போகும். வேறு எவருடைய விமானமும் அங்கே இறங்குவதில்லை. இப்போது மழைக்காலம்.

நண்பகல் கழிந்த பின் கைப்பேசி திரும்பக் கிடைத்தது. மறுகணமே அது அலறியது. மனைவி.

"எங்க போய்த் தொலைஞ்சீங்க? எத்தனை தடவை கூப்பிடுறது! நம்ம பொண்ணு நாளைக்கு வரலீங்க, இன்னைக்கே கிளம்பிட்டா. எட்டு மாசம் முடிஞ்சா விமானத்துல ஏத்த மாட்டாங்களாம். கடைசி நாள் வரைக்கும் இழுப்பானேன்னு முந்திக்கிட்டா. உப்புத்திடல்ல இறங்கிட்டாளாம். முதுகு விட்டு விட்டு வலிக்குதாம். உங்க பெரிய விமானம் எப்ப வரும்?"

சிலந்தியின் கண் விமானங்களைக் காட்டும் திரைக்குத் தாவியது.

"என்னங்க? லைன்ல இருக்கீங்களா?"

"வந்துடும்," என்று சொல்லித் துண்டித்தார்.

மகளை இறக்கிவிட்ட சிறு விமானம் வாடகை விமானம். அதன் சொந்தக்காரன் அதை அப்போதே திருப்பி அழைத்துக்கொண்டான். பெரிய விமானமோ திரையில் ஒரு பச்சைப் புள்ளியாக உப்புத்திடலை நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னும் சிறிது நேரத்தில் அவள் தலைக்குமேலேயே பறந்து கடந்துவிடும். அவள் அண்ணாந்து பார்ப்பாள். தன்னை ஏற்றிக்கொள்ளத்தான் வருகிறது என்று நினைப்பாள்.

அவர் ஓடினார். வானொலி அறையில் இருந்தவரின் கையிலிருந்து ஒலிவாங்கியைப் பறித்தார்.

"கேப்டன், உப்புத்திடல்ல இறங்குங்க. அங்க ஆளுங்க இருக்காங்க."

"யாரு, சிலந்தியா? காலையில வேண்டாம்னீங்க, இப்ப வேணும்ங்கறீங்க. ஐயா, நீங்க குடுத்த எண்ணெயில இறங்கினா மறுபடி ஏற முடியாது. அங்க எண்ணெய் இருக்கா?"

"தொட்டி நிறைய இருக்கு."

"உங்களை நம்பி இறங்குறேன்."

பச்சைப் புள்ளி தாழ்ந்தது, நின்றது. அவர் பெருமூச்சு விடுவதற்குள் வானொலி மீண்டும் கரகரத்தது.

"சிலந்தி, எண்ணெய்க்காரர் தொட்டியைப் பூட்டிட்டார். கம்பெனி மூழ்கின செய்தி அவர் காதுக்குப் போயிடுச்சாம். ஒரு சொட்டு தரமாட்டேங்கறார்."

சற்றுமுன் வரை அவர் கணக்கில் மகள் மட்டுமே அங்கே சிக்கியிருந்தாள் என்றால், இப்போது ஒரு விமானமே சிக்கிவிட்டது. அதையும் தம் வாயாலேயே இறக்கிவிட்டிருக்கிறார். பின்னால் மேலாளர் வந்து நின்றார்.

"யாரைக் கேட்டு இறக்கினீங்க?"

"என் பொண்ணு அங்க இருக்கா, சார். பிள்ளைத்தாய்ச்சி."

மேலாளர் ஒதுங்கி வழிவிட்டார். சன்னலில் வெயில் மஞ்சளாகச் சாய்ந்துகொண்டிருந்தது. சிலந்தி உப்புத்திடலின் தொலைபேசி எண்ணைச் சுழற்றினார்.

எண்ணெய்க்காரர் எடுத்தவுடனேயே பொரிந்தார். "பேசிப் பிரயோஜனம் இல்ல, ஐயா. செத்த மாட்டுக்குப் புல்லு போடச் சொல்றீங்களா? என் முதலாளிக்கு நான் பதில் சொல்லணும்."

கெஞ்சலாமா, மகளைச் சொல்லி அழலாமா என்று சிலந்தி தடுமாறினார். கண் வரைபடத்தில் பதிந்தது. உப்புத்திடலுக்கு வந்து சேரும் கோடுகள் எல்லாம் தாம் வரைந்தவை. இன்று காலை தாமே அறுத்தவை.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். நீங்க ஊருக்கு எதுல போவீங்க?"

"எதுலன்னா? முறை முடிஞ்சதும் உங்க விமானத்துலதான். வர்ற ஞாயித்துக்கிழமை."

"ஞாயித்துக்கிழமை விமானம் இல்ல, அண்ணே. திங்கள் இல்ல, செவ்வாய் இல்ல. இனிமே எந்தக் கிழமையும் இல்ல. உங்க முன்னாடி நிக்குதே, அதுதான் கடைசி."

மறுமுனையில் சாவிக்கொத்து குலுங்கும் ஓசை கேட்டது.

"கொட்டகையில இருக்கிற எங்க ஆளுங்க எல்லாருக்கும் இடம் இருக்கா?" குரல் இறங்கியிருந்தது.

"இருக்கு."

"எனக்கு சன்னலோரம் வேணும்," என்றார் எண்ணெய்க்காரர். குழாயை இழுக்கும் ஓசை கேட்டது.

வானம் சிவந்து கருக்கத் தொடங்கியபோது விமானம் தலைமை நிலையத்தில் இறங்கியது. சிலந்தி படிக்கட்டின் அடியில் நின்றார். உப்பு படிந்த முகங்கள் ஒவ்வொன்றாக இறங்கின: குழந்தையைத் தோளில் சாய்த்த ஒரு தாய், ஊன்றுகோல் ஊன்றிய ஒரு முதியவர், எண்ணெய்க்கறை சட்டையோடு ஒருவர். கடைசியாக, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு மகள் வந்தாள். அவர் கைத்தாங்கலாகப் பிடித்தார். வலி நின்றுவிட்டது என்றாள். இரண்டடி நடந்தாள், நின்றாள்.

"கேப்டன் சொன்னாருப்பா. முதல்ல இறங்க வேண்டாம்னு எழுதினதே நீங்கதானாமே?"

"ஆமாம்மா. நீ இருக்கேன்னு தெரியாது."

"நான் அங்க இல்லேன்னா, இவங்களை எல்லாம் என்ன பண்ணியிருப்பீங்க?"

முதியவரின் ஊன்றுகோல் தரையில் தட்டித் தட்டிப் போகும் ஒலி கேட்டது. மகளின் கையைப் பிடித்தபடியே அவர், இறங்கிப் போகிறவர்களை ஒருவர் விடாமல் எண்ணத் தொடங்கினார்.