பெயிண்ட் வாளியில் விழுந்த பதில்

அந்தத் தெருவில் மழைத் தண்ணீரைக் காய்ச்சினால் டிவி சத்தம் வரும். மேகம் கறுத்து, படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுபோகிறபோது டிவியிலோ போனிலோ எந்தப் பேச்சு அறுந்ததோ அது மழையோடு இறங்கிவிடும். பிடித்து அடுப்பில் ஏற்றினால் ஆவியோடு வெளியே வரும். ஒரு தண்ணீர் ஒரு தடவைதான் பேசும். முதலில் டிஷ் மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். அவர் மாடியேறிப் பார்த்துவிட்டு, "மழை விட்டா படம் வரும். தண்ணி பேசுறதுக்கெல்லாம் நான் பொறுப்பில்ல" என்று இறங்கிப் போனார். அதற்கப்புறம் மழை வந்தால் சனங்கள் கொடியில் காயும் துணியை விட்டுவிட்டுப் பாத்திரம் வைக்க ஓடினார்கள். தொடரில் யார் செத்தது என்று குண்டானைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். ஒரு வீட்டு அண்டாவுக்குள்ளிருந்து வானிலை வாசிக்கிறவள், இன்று மழைக்கு வாய்ப்பில்லை என்றாள்.

கடைசி வீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவள் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவள். அவளுடைய தம்பி பெண்டாட்டி சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். சின்னவள் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, பெரியவள் தெருவுக்கே அண்ணியாகிவிட்டாள். தம்பி நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை பார்த்தான். போய் வருஷக்கணக்காகிறது. ஒரு சாயங்காலம் சின்னவள் போனில் அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "இந்தத் தடவையாவது வர்றீங்களா? இல்லேன்னா சொல்லிடுங்க, நான் எங்கண்ணன் ஊருக்குப் போறேன். அங்க தையல் கம்பெனியில கூப்பிடுறாங்க." அவன் வாயைத் திறந்தான். மேகம் வந்துவிட்டது. திறந்த வாயோடு படம் நின்றது. அதே மேகம் புயலாகிக் கடலுக்குப் போய் மேடையிலிருந்த டிஷ்ஷைப் பிடுங்கி எறிந்தது. சரிபண்ண மாசக்கணக்காகும் என்று கம்பெனியில் சொன்னார்கள். ஆகவே அவன் சொன்ன பதில் மழையில்தான் இருந்தது.

சின்னவள் மாடியில் வைத்த பாத்திரத்தையெல்லாம் வேலை முடிந்து வந்து ஒவ்வொன்றாகக் காய்ச்சினாள். ஒன்றில் சோப்பு விளம்பரம். ஒன்றில் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்த குத்துச்சண்டை. டிஷ்ஷுக்கு நேர்கீழே ஒரு பழைய பெயிண்ட் வாளி நிறைந்து கிடந்தது அவள் கண்ணில் படவில்லை. மறுநாள் பகலில் அண்ணிதான், குளிக்க ஆகுமே என்று அதை எடுத்துவந்து குண்டானில் ஊற்றிச் சூடேற்றினாள். கொதி வரும் முன்னே தம்பியின் குரல் வந்தது. "இந்த வருஷமும் என்னால வர முடியாது…"

அவள் கை தானாக அடுப்பை அணைத்தது.

சின்னவள் போய்விட்டால் இந்த வீட்டில் அவளோடு பேச யாருமில்லை. கூடப் பிறந்தவன் கடலில், கட்டியவன் மண்ணில். கொட்டிவிடலாம் என்று குண்டானை வாசல்வரை தூக்கிப்போனாள். தம்பி குரலைச் சாக்கடையில் ஊற்ற மனசு வரவில்லை. தட்டு போட்டு மூடிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

பாத்திரங்கள் தீர்ந்தன; எதிலும் அவன் குரல் இல்லை. "வரலேன்னா சொல்லியிருக்க மாட்டாரா அண்ணி? வர்றாருன்னுதான் அர்த்தம். தையல் கம்பெனிக்கு வரலேன்னு சொல்லிடறேன்" என்றாள் சின்னவள். அண்ணி கட்டிலுக்கடியை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். சின்னவள் நாளெல்லாம் ஊரார் துணியைத் தேய்த்துவிட்டு வந்து, வீட்டில் புருஷன் சட்டைகளை எடுத்துத் தேய்த்தாள். தேய்த்ததையே மறுபடி தேய்த்தாள். காலர் நைந்து வெள்ளை நூல் எட்டிப்பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை அந்த நூலை அவள் பல்லால் கடித்து எடுப்பதை அண்ணி பார்த்தாள். எழுந்து போய்க் கட்டிலுக்கடியிலிருந்து குண்டானை இழுத்து அடுப்பில் வைத்தாள்.

"முதல் பாதிய நான் கேட்டுட்டேன்மா. வரலையாம். மிச்சத்த நீ கேளு."

சின்னவள் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து நின்றாள். தண்ணீர் சலசலத்தது.

"…நீ உங்கண்ணன் ஊருக்கே போயிரு. அக்காவையும் கூட்டிட்டுப் போ. வரமாட்டேன்னு அடம்பிடிக்கும், விடாத. தனியா விட்டா அது ஒழுங்காச் சாப்பிடாது. லீவு கெடச்சதும் நான் நேரா அங்க வந்துடறேன்."

நிறைய ஆவி வந்தது. அண்ணி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

"பாதியில அணைச்சீங்களே, கேஸ் மிச்சம் பிடிக்கவா?" என்றாள் சின்னவள்.

"போடி" என்றாள் அண்ணி. கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

குண்டான் இன்னும் முடிக்கவில்லை. "ஹலோ? என்ன, படம் நின்னுபோச்சு? கேக்குதா? ஹலோ?"

அண்ணி குண்டானுக்குள் குனிந்தாள். "கேக்குதுடா. எதுக்கு இப்படிக் கத்துற" என்றாள்.

பிறகு அடுப்பை அணைத்து, இரண்டு செம்பு பச்சைத் தண்ணீர் விட்டு விளாவி, குளிக்கப் போனாள். சாமான் கட்டுகிற வேலை நிறையக் கிடந்தது.