மாமாவின் முன்பற்கள்

அந்தப் பெருநகரைப் பற்றி மெக்கானிக்கின் குடும்பத்துக்குத் தெரிந்ததெல்லாம் தாய்மாமனின் வாய் வழியாக வந்தது. சரியாகச் சொன்னால், வாயிலிருந்த ஓட்டை வழியாக. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அங்கே போன அன்றே இரண்டு முன்பற்களைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பியவர். அந்த ஊர்ப் பேச்சை எடுத்தாலே உதட்டைத் தூக்கிக் காட்டுவார். அதற்கு மேல் யாரும் விவரம் கேட்டதில்லை.

இப்போது தங்கைக்கு அந்த ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். கூடவே கூடாது என்றார் மாமா. அப்பா மாமா பக்கம்; அவருக்குச் சொந்தமாகப் பக்கம் கிடையாது. கடைசியில், அண்ணன்காரன் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும், அவன் சரியென்றால் சரி என்று முடிவானது.

தங்கை வேலை ஆர்டரை அவன் சட்டைப்பையில் வைத்தாள். “பாத்ததை மட்டும் வந்து சொல்லுண்ணே. வேற ஒண்ணும் வேணாம்.”

மாமா அவன் இடுப்பில் பட்டறையிலேயே பெரிய ஸ்பேனரைச் செருகிவிட்டு, பின்னாலிருந்து எவன் தொட்டாலும் யோசிக்கக் கூடாது, முதல் அடி நம்முடையதாக இருக்க வேண்டும் என்று ஆசீர்வதித்தார்.

பஸ்ஸை விட்டு இறங்கிய பத்தாவது நிமிஷம் பின்னாலிருந்து ஒரு கை தோளைத் தொட்டது. மெக்கானிக் யோசிக்கவில்லை. ஸ்பேனர் காதோரம் இறங்கியது. தொட்ட ஆள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தெருமுனைச் சலூன்காரர். ஒரு கையில் சீப்பு, மறுகையில் மெக்கானிக் தவறவிட்ட ஆர்டர். கழுத்து வழியாக இறங்கிய ரத்தம் அதன் மேல் சொட்டியது. அப்போதும் அதை அவனிடம் நீட்டிக்கொண்டுதான் இருந்தார்.

கூட்டம் ஓடிவந்தது. மெக்கானிக் ஓடினான். துரத்துகிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடியதில், நின்றுகொண்டிருந்த லாரியின் பின்கதவு, எந்த உள்நோக்கமும் இல்லாமல், அவன் முகத்தை வாங்கிக்கொண்டது. புருவம் கிழிந்தது. முன்பல் ஒன்று தெறித்தது. தூக்கி உட்காரவைத்த பழக்கடைக்காரம்மாவின் விரலை மிச்சப் பற்களால் கடித்தான்.

அந்தம்மா விரலை உருவவில்லை. “கடிச்சுக்கப்பா. தலையை மட்டும் நிமித்தி வை, ரத்தம் வாய்க்குள்ள போகுது” என்றாள்.

அடித்தவனையும் அடிபட்டவரையும் ஒரே வண்டியில் ஏற்றினார்கள். போய்ச் சேர்ந்தது தங்கைக்கு வேலை கிடைத்த அதே ஆஸ்பத்திரி. காதில் பதினோரு தையல் போட்டுக்கொண்ட சலூன்காரர் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தார். அவனுடைய பல்லை யாரோ தேடிக் கொண்டுவந்து கொடுத்திருக்க, அதைக் கழுவி, பிளேடு உறையில் மடித்து, ஆர்டரோடு சேர்த்து நீட்டினார். தம்பிக்கு எந்த ஊர் என்று விசாரித்தார். இவன் சொன்னதும் கவலையாகிவிட்டார்.

“என் தம்பிக்கு அங்கதான் பொண்ணு பாத்திருக்கோம். அங்க எல்லாருமே இப்படித்தானா? வேணாம்னு சொல்லிடவா?”

புருவத்தில் ஊசி இறங்கியதைவிட அது அதிகம் வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது, மாமாவின் முகத்தில் இருபத்தைந்து வருஷச் சந்தோஷம் பூத்தது. “சொன்னேன்ல மாப்ளே?” என்றார். அப்பா உடனே தங்கை கட்டி வைத்திருந்த பையைக் கட்டிலுக்கடியில் தள்ளினார். மெக்கானிக் வாயை மூடிக்கொண்டிருந்தாலே போதும், வேலை போய்விடும். ரத்தக்கறை படிந்த ஆர்டரைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, வீங்கிய உதட்டைத் திறந்தான்.

“அடிச்சது நான். ஓடிப்போய் லாரியில முட்டிக்கிட்டதும் நான். அந்த ஊர்ல பின்னாலருந்து ஒருத்தர்தான் என்னைத் தொட்டாரு, அதுவும் இந்தப் பேப்பரைக் குடுக்கறதுக்கு.”

இத்தனை வருஷம் கேட்காத கேள்வியை அம்மா இப்போது தன் தம்பியான மாமாவிடம் கேட்டாள். “அப்ப உன் பல்லு எப்படிடா போச்சு?”

மாமாவின் பதில் மெக்கானிக்கின் தாடையில் விழுந்தது. புருவத் தையல் பிரிந்தது. அப்பா தம் பங்குக்கு முதுகில் இரண்டு வைத்தார். ஸ்டூல் பறந்து கண்ணாடி அலமாரி நொறுங்கியது. அந்த இரைச்சலில் தங்கை குனிந்து பையை இழுப்பது அவனுக்குத் தெரிந்தது. மணி நாலே முக்கால். ஐந்துக்கு பஸ். மாமா வாசல் பக்கம் திரும்பப் போனார். மெக்கானிக் அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“உங்களுக்கும் லாரிதானா மாமா?”

மாமா வாசலை மறந்தார். அப்புறம் விழுந்ததையெல்லாம் மெக்கானிக் எண்ணவில்லை. சட்டையை மட்டும் விடவில்லை. தெருக்கோடியில் பஸ் ஹாரன் கேட்டு, அது நகர்ந்துபோன பிறகுதான் கையைத் தளர்த்தி, வாயிலிருந்ததைத் துப்பினான். இன்னொரு முன்பல்.

மாமாவுக்கு இரண்டு, இவனுக்கும் இரண்டு. இவனுடையதில் ஒன்று உள்ளூரிலேயே போனது.