கடைசிச் சீவாளி

மறுநாள் குட்டியின் அப்பாவுக்கு அஞ்சலிக் கச்சேரி. இசைக்குழுவில் முப்பத்தோரு வருஷம் அவர் பஸூன் வாசித்தார். அந்த ஆளுயரக் குழலுக்கு வாய் மாதிரி இருப்பது சீவாளிதான். மாணவர்கள் பதினோரு பேருக்கும் அவரே சீவிக் கொடுப்பார். அவர் சீவியதில் இப்போது மிச்சம் ஒன்றே ஒன்று. குழுவில் இப்போது அவர் இடத்தில் வாசிக்கும் மூத்த மாணவி நாளை அதை வைத்து வாசிப்பதாக ஏற்பாடு.

அந்த ஒன்றைத்தான் குட்டி உடைத்துவிட்டாள்.

“அக்கா, தூங்கிட்டீங்களா?”

“தூங்கிட்டேன். சொல்லு,” என்றாள், கச்சேரிக்காக வந்து முன்னறையில் படுத்திருந்த மூத்த மாணவி.

குட்டிக்குச் சிரிப்பு வரவில்லை. டப்பாவைத் திறந்து நீட்டினாள். மெல்லிய நாணல் நுனி பாதிவரை பிளந்திருந்தது.

“ஒரே ஒரு தடவை ஊதிப் பாக்கலாம்னு... அப்பா வாய் வச்சது. நனைக்கணும்னு தெரியும்க்கா, மறந்துட்டேன். பல்லு பட்டுடுச்சு. நாளைக்கு அம்மா மூஞ்சியில எப்படி முழிப்பேன்?”

அக்கா விளக்கடியில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

“உக்காரு. உடையாம இருந்திருந்தாலும் இது பேசியிருக்காதுடி, சுரமே சரியா வந்திருக்காது.”

“என்னக்கா சொல்றீங்க?”

“கடைசி ரெண்டு வருஷமா சார் சீவினது எதுவுமே பேசல. கை நடுங்கிச்சு, காதும் மந்தமாயிடுச்சு. நாங்க ‘பிரமாதம் சார்’னு வாங்கிட்டுப் போய், வேற போட்டு வாசிச்சோம். நாளைக்கும் அதான் செய்யறதா இருந்தேன். அவர்கிட்ட போய் எந்த வாயால சொல்றது?”

குட்டியின் பயம் வடிந்தது. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது.

முன்பெல்லாம் மாணவர்கள் சண்டைக்கே வருவார்கள். “வாத்து மாதிரி கத்துது சார்.” அப்பா கத்தியை எடுத்து ஒரு சீவல் சீவி, “இப்ப ஊது கழுத” என்பார். அன்றைக்கு இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிடுவார்.

சாவதற்கு ஒரு வாரம் முன்னால், கத்தியைத் துடைத்து உறையில் போட்டபடி சொன்னார்: “இப்பல்லாம் யாரும் குறையே சொல்றதில்ல குட்டி.”

பெருமையடிக்கிறார் என்று அன்று நினைத்தாள். “நீங்க அவ்வளவு பெரிய ஆளுப்பா” என்று சொல்லிவிட்டு மறுபடி போனை நோண்டினாள்.

அப்பாவுக்குத் தெரிந்தே இருந்தது என்று அக்காவிடம் சொல்ல வாயெடுத்தாள். அக்கா அந்த உடைந்த சீவாளியைப் பஞ்சில் சுற்றி, மூடியை அழுத்தாமல் மூடிக்கொண்டிருந்தாள்.

“தூங்குங்கக்கா,” என்றாள் குட்டி.