வாட்ஸப்பில் தெரிந்த தலைப்பு

வெப்சைட் செய்யும் புது சி.எம்.எஸ் சாஃப்ட்வேர் வேண்டவே வேண்டாம் என்று கலைமகள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். யார் கேட்டார்கள்? தஞ்சாவூரில் அவள் வேலை பார்க்கும் கடையில் வாடிக்கையாளர்களின் வெப்சைட்டுகளை அதுவரை கையாலேயே கோடிங் எழுதித்தான் செய்தார்கள். இனி எழுது, படம் போடு, பட்டனை அமுக்கு, அவ்வளவுதான், குழந்தைகூடச் செய்யும் என்றார் முதலாளி ரகுராமன். அப்படியானால் குழந்தையையே வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டியதுதானே.

முதல் வேலையாக பூதலூர் வைரக்கண்ணுவின் அரிசி மில் வெப்சைட் வந்தது. அவருக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். பத்திரிகையை வெப்சைட்டிலேயே போடச் சொல்லியிருந்தார். கடை வழக்கப்படி கலைமகள் பழைய பக்கம் ஒன்றை நகலெடுத்து, பெயர், படம், தேதி எல்லாவற்றையும் மாற்றினாள். பக்கம் பளிச்சென்று இருந்தது. லிங்கை அவருக்கு அனுப்பிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள்.

இரண்டு வாய்கூட உள்ளே போகவில்லை. ரகுராமன் வெளிறிய முகத்துடன் வந்து போனை நீட்டினார். வைரக்கண்ணு கண்ணாடி போடாமல் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் தட்டிவிட்ட லிங்க். அவர் சிரிக்கும் படத்துக்குக் கீழே, தடித்த எழுத்தில், ‘கண்ணீர் அஞ்சலி’.

அவள் நகலெடுத்தது ஓர் இரங்கல் பக்கத்தை. கையால் எழுதிய காலத்தில் தலைப்பு மேலேயே கண்ணில் படும். இதில் வாட்ஸப்பில் தெரிகிற தலைப்புக்கென்று தனிப் பெட்டி, பக்கத்தின் அடியில் எங்கோ. அவள் அதைத் திறந்தே பார்க்கவில்லை.

அவசரமாக மாற்றினாள். ஏற்கெனவே போன லிங்குகளில் பழைய தலைப்பு மாறவில்லை. வைரக்கண்ணுவைக் கூப்பிட்டாள். மணி அடித்ததும் கட்டானது. மறுபடியும் கட்டானது. அவருக்கு ஏதாவது ஆகி, போனை வேறு யாராவது வைத்திருந்தால்? எமனை விரட்டிய ஊருக்குக் கிளம்புகிற மனுஷனின் விலாசத்தை எமனுக்கே எழுதிக் கொடுத்துவிட்டோமே என்று பயந்தாள்.

ஸ்கூட்டரை பூதலூருக்கு விரட்டினாள். வழியெல்லாம் நடவு வயல். எதுவும் மனதில் பதியவில்லை. அவர் உயிரோடு இருக்க வேண்டும், அது போதும். தெருமுனை திரும்பியபோது வீட்டு வாசல் முழுக்கச் செருப்புகள். ஒருவர் ரோஜா மாலையோடு நின்றிருந்தார். கலைமகள் ஸ்கூட்டரை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

உள்ளே நாற்காலியில் வைரக்கண்ணு உட்கார்ந்திருந்தார். உயிரோடு. கலைமகள் வாய்விட்டு அழுதுவிட்டாள்.

அவர் மனைவி ஆனந்தவல்லி பாய்ந்து வந்தாள். "என் தாலியிலயாடி கை வச்ச? அவரு நல்லாருக்காருன்னு எல்லாருக்கும் இப்பவே சொல்லு!"

"மன்னிச்சிடுங்கம்மா. தப்பா போயிடுச்சுன்னு எழுதி வச்சிருக்கேன். ஐயா, உங்க போனைக் குடுங்க, எல்லாருக்கும் அனுப்பிடறேன்."

வைரக்கண்ணு போனைக் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அது மணியடித்தது. பெயரைப் பார்த்துவிட்டுக் கட் செய்தார்.

"ஏங்கய்யா எடுக்க மாட்டேங்கறீங்க?"

"லைன் காலியா இருக்கணும்மா." அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தோஹாவுல இருக்கற எம் மவன் பரணிதரன் அனுப்பின உடனேயே அதப் பார்த்துட்டான். நீல டிக் விழுந்துடுச்சு. இன்னும் கூப்பிடல."