ஒருசந்தி இருந்த பிக்கப்

கிட்டே வாங்க, கண்ணுகளா. பின்னால் நிற்கிறவங்களும் முன்னால் வந்து உட்காருங்க, எனக்குக் குரல் முன்னைப்போல ஏறுவதில்லை. ஒரு வண்டியின் பசியைப் பற்றி ஒரு கதை வைத்திருக்கிறேன். கேட்டுவிட்டு எழுந்து போகும்போது சிரித்துக்கொண்டே போவீங்க, அதுக்கு நான் பொறுப்பு.

வலங்கைமானுக்குப் பக்கத்து ஊர்க்காரர் சவரிராஜ். குவைத்தில் ஒரு அரபி வீட்டில் டிரைவராகப் பாதி ஆயுசைக் கழித்துவிட்டு வந்தவர். அரபி கடலுக்குப் போகும்போதெல்லாம் பெரிய பிக்கப் வண்டிக்குப் பின்னால் படகைக் கொக்கியில் மாட்டி இழுத்துப் போவாராம். அந்த ஆசையோடு ஊருக்கு வந்த சவரிராஜ் ஒரு டீசல் பிக்கப் வாங்கினார். கும்பகோணத்துப் பட்டறையில் அதற்குப் பின்னால் கொக்கி வைத்தார். டிராக்டர் இழுக்கிற பெரிய டிரெய்லரை அதில் மாட்டி வைக்கோல் ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார். டிராக்டர் பெற்ற பிள்ளையை பிக்கப் தூக்கிக்கொண்டு ஓடுகிறது என்று ஊரே சிரித்தது.

அவர் மனைவி இருதயம்மாள் சிரிக்கவில்லை. மனுஷர் வீட்டில் இருந்தால் அவளுக்குப் போதும். கல்யாணமானதிலிருந்து அவரை அவள் லீவில்தான் பார்த்திருக்கிறாள். காய்ச்சல் வந்தால் அவர் எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பார் என்பதையே இந்த வருஷம்தான் தெரிந்துகொண்டாள்.

வைக்கோல் போனது திருக்கடையூருக்கு. அங்கே அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ள வருகிறவர்கள் பசுவுக்குப் பூஜை செய்வார்கள் இல்லையா, அந்தப் பசுக்களை வளர்க்கிற தங்கையன்தான் வாங்குகிறவர். அவரிடம் மாடு நிறைய, இங்கே வைக்கோலும் நிறைய. வண்டிதான் சரியில்லை. பாதி டேங்க் டீசல் போட்டுக்கொண்டு கிளம்பினால், திரும்பும்போது ஆடுதுறையிலேயே முள் சிவப்புக் கோட்டுக்கு வந்துவிடும்.

"நெல்லு மூட்டை ஏத்தினப்பகூட இப்படிக் குடிக்கல. வைக்கோல்ல என்ன கனம் இருக்கு?" என்று புலம்பினார் சவரிராஜ்.

அது தபசு காலம். ஈஸ்டர் வரைக்கும் வீட்டில் ஒருவேளைச் சாப்பாட்டோடு ஒருசந்தி இருந்தார்கள். "நாம வயித்தைக் கட்டிக்கிட்டு ஒருசந்தி இருக்கோம். உங்க வண்டிக்கு மட்டும் மூணு வேளையும் பிரியாணியா?" என்றாள் இருதயம்மாள்.

சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை.

"அங்க என்கூட வேலை பாத்த ஜெக்கரியா குவைத்துலேருந்து போன் பண்ணினான். அரபி மறுபடி என்னையே கேக்கறாராம். ஈஸ்டருக்குள்ள பதில் சொல்லணும். இது இப்படியே குடிச்சா, வித்துட்டுப் போக வேண்டியதுதான்."

அரிவாள்மணையில் அரிந்துகொண்டிருந்த முருங்கைக்காய் அவள் கையிலேயே நின்றுவிட்டது.

"டீசலைக் குடிக்கறது வண்டியா, உன் தம்பியான்னு வேற தெரியல" என்றார் அவர். அவளுடைய தம்பி ரெஜின்தான் கூடமாட உதவிக்கு வண்டியில் போகிறவன். "நான் டீ குடிக்க இறங்கினா, அவன் வண்டிகிட்டயே தனியா நிக்கறான்."

"ரெஜினுக்கு மோர்லேருந்து வெண்ணெய் எடுக்கவே தெரியாதுங்க. டேங்க்லேருந்து டீசல் எடுக்கறானாக்கும்? நாளைக்கு அவன் வரவேணாம். நானே வர்றேன்."

எப்போதும் வைக்கோல் ஏற்றிக் கொடுக்கிற முருகையன் மறுநாளும் பாரம் ஏற்றினார். அவர் ஏற்றினால் அது பாரமில்லை கண்ணுகளா, தேர். மாட்டு வண்டிக் காலத்துக் கை அவருடையது. இரண்டு பக்கமும் சக்கரத்துக்கு வெளியே பிதுங்கி, மேலே அகன்று, முன்னால் கூரை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். ஒல்லியாக ஏற்றினால் அந்த வீட்டில் வெள்ளாமை பொய்த்துவிட்டது என்று பார்க்கிறவன் நினைப்பானாம்.

கும்பகோணம் தாண்டியதும் சவரிராஜின் காலுக்குக் குவைத் ஞாபகம் வந்துவிட்டது. ஒரே அழுத்து. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வைக்கோல் தேர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுகிறது. இருதயம்மாள் இடுப்பிலிருந்து செபமாலையை எடுத்தாள். சாதாரண செபமில்லை, உயிர் பிரிகிறவர்கள் தலைமாட்டில் சொல்லுகிற மன்றாட்டை ராகத்தோடு உரக்க ஆரம்பித்தாள்.

"ஏன்டி, யாரு சாகக் கெடக்கறா?"

"இப்போதைக்கு யாருமில்லைங்க. அப்பறம் சொல்ல நேரமிருக்காது, அதான்."

அவர் மெதுவாக ஓட்டினால் நிறுத்துவாள். மிதித்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள். ஆடுதுறை டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று தோள் துண்டை எடுத்துவிட்டார்கள். ஒருவர் வண்டிக்கு அருகே வந்து, "எந்த ஊருக்குக் கொண்டுபோறீங்க, தவறினது பெரியவங்களா?" என்று தணிந்த குரலில் கேட்டார். அதற்குமேல் சவரிராஜுக்குத் தெம்பில்லை. மாட்டு வண்டி போகிற மாதிரியே மிச்ச வழியும் போனார். சைக்கிளில் போகிற பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகள் மணியடித்து முந்திக்கொண்டு போனார்கள்.

திருக்கடையூரில் வண்டி நின்றதுமே கல்யாண ஏற்பாட்டுக்காரர் ஒருவர் ஓடிவந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க ஐயா, வாங்கம்மா. அறுபதா, எழுபதா? மேளத்தோடயா, மேளமில்லாமயா?"

"எனக்கு இன்னும் அம்பதே ஆகலைய்யா" என்றார் குவைத் வெயிலில் தலை வெளுத்த சவரிராஜ்.

"அதனால என்னங்க, முன்கூட்டியே சொல்லி வச்சுக்கலாம்."

இருதயம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

திரும்பி வரும்போது ஆடுதுறையில் சவரிராஜ் வண்டியை நிறுத்தினார். முள் சிவப்புக் கோட்டுக்கு வெகு மேலே நின்றது. கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார், அசையவில்லை. இறங்கிப் போய் டேங்கில் குச்சி விட்டுப் பார்த்தார். குச்சி நனைந்து வந்தது.

"மாதாவே" என்றார். "இருதயம், எல்லாம் உன் செபத்தோட பலன்."

அவளுக்கும் அப்படித்தான் இருக்குமோ என்று தோன்றியது. யார்தான் வேண்டாமென்பார்கள்?

அடுத்த நடைக்கு ரெஜினையே கூட்டிக்கொண்டு, செபமாலையையும் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினார் சவரிராஜ். பொழுது சாய்கிற நேரத்துக்கு இரண்டு பேரும் தொங்கிய முகத்தோடு வந்தார்கள். இந்தத் தடவை குத்தாலத்திலேயே சிவப்பு.

"மச்சான் செபம் சொல்லச் சொல்ல நான் எதிர்மொழி சொல்லிக்கிட்டே வந்தேங்க்கா. தொண்டையே கட்டிப்போச்சு. வண்டியை விட்டு இறங்கக்கூட இல்லை" என்றான் ரெஜின்.

"உன் செபத்துல இருக்கற பலம் எங்க செபத்துல இல்லை" என்றார் சவரிராஜ். "ராத்திரிக்கு ஜெக்கரியாவுக்குப் போன் பண்ணிடறேன்."

இருதயம்மாள் செபமாலையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். கேட்டாள்: "செபம் சொல்லும்போது வண்டி எப்படிங்க போச்சு?"

"பறந்துச்சு. மாதா துணையிருக்கும்போது என்ன பயம்?"

"நான் சொன்னப்ப?"

"நீதான் பறக்க விடலையே. நத்தை மாதிரி..."

அவர் நிறுத்திக்கொண்டார். ரெஜின் அக்காவையும் மச்சானையும் மாறி மாறிப் பார்த்தான்.

"வெட்டாத்துல இடுப்பளவு தண்ணியில நடந்திருக்கீங்கள்ல?" என்றாள் அவள். "மெள்ள நடந்தா விடும். ஓடிப் பாருங்க, ஆளைப் பிடிச்சு நிறுத்தும். அதுலயும் புடவையைச் சுருட்டாம விரிச்சுவிட்டு ஓடினா? முருகையன் தேரு கட்டி அனுப்பறாரு, நீங்க அதைக் காத்துல ஓட்டறீங்க. வண்டி வைக்கோலையா இழுக்குது? காத்தைல்ல முட்டித் தள்ளிக்கிட்டுப் போகுது."

சவரிராஜ் எழுந்து போய் டிரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். ராத்திரி போன் பண்ணவில்லை.

அடுத்த பாரம் ஏற்றும்போது முருகையனிடம், பக்கவாட்டில் பிதுங்கக் கூடாது, முன்கூரையும் வேண்டாம், அழுத்திக் கட்டி வண்டி அகலத்துக்கே இருக்கட்டும் என்றார். முருகையன் வைக்கோற்பிரியைக் கீழே போட்டார்.

"இது பாரமா, பாடையா? நாலு பேரு என்ன சொல்வாங்க?"

"நீங்க ஏத்துங்க அண்ணே" என்றாள் இருதயம்மாள். "யாராவது கேட்டா, தபசு காலத்துக்கு வண்டியும் ஒருசந்தி இருக்குன்னு சொல்லிடுங்க."

முருகையன் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றினார். சவரிராஜ் கிளம்பினார். அன்று செபம் கிடையாது, இருதயம்மாளும் போகவில்லை. வீட்டில் இருந்தவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஊறப்போட்ட அரிசியையே இரண்டு தரம் களைந்தாள்.

வெயில் தாழ்ந்தபிறகு வண்டிச் சத்தம் கேட்டது. சவரிராஜ் இறங்கி, கை கால் கழுவினார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. நேராக மாடிக்குப் போனார். செல்போன் வந்த புதுசு, எங்கள் பக்கம் மாடியில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். அவள் படிக்கட்டின் கீழே நின்றாள்.

"ஜெக்கரியா, நான்தான். அரபிகிட்ட சலாம் சொன்னேன்னு சொல்லு. வேற ஆள் பாத்துக்கச் சொல்லு... இல்லடா, இங்க ஓடுது. நல்லாவே ஓடுது. கொஞ்சம் மெதுவா ஓடுது, அவ்வளவுதான்."

இருதயம்மாள் சத்தம் காட்டாமல் அடுக்களைக்குப் போய்விட்டாள். ஒட்டுக்கேட்டது தெரியக் கூடாதில்லையா. இறங்கிவந்த சவரிராஜ், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அதான் கேட்டுட்டியே, அப்பறம் என்ன, சோத்தைப் போடு" என்றார்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்க வீட்டை விட்டு வெளியே போனவங்க எல்லாரும் நல்லபடியா வாசலுக்கு வந்து சேரட்டும். குதிரில் நெல்லும் கொட்டகையில் கன்றும் குறையாமல் இருக்கட்டும். ஒரு பானைச் சோற்றை எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற பாக்கியம் உங்க வீட்டுக்கு என்றைக்கும் வாய்க்கட்டும்.