இரண்டு பெரிய பாதிகள்

எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. அதுதான் உறுத்தியது. முப்பத்திரண்டு மாத்திரை கொடுத்திருந்தோம், இருபத்தெட்டு நாள் ஆகியிருந்தது, நான்கு மிச்சம் வர வேண்டும். எங்கள் மருந்துச் சோதனையில் இருக்கும் டெய்லரம்மா திருப்பிக் கொடுத்த பாட்டிலைத் தட்டில் கவிழ்த்தபோது மூன்று முழு மாத்திரைகளும் இரண்டு பாதிகளும் விழுந்தன. மூன்றும் ஒன்றும் நான்கு. வேறு யாராவது எண்ணியிருந்தால் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். என் கை சும்மா இருக்காது. இரண்டு பாதிகளையும் தள்ளி ஒட்டவைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. இரண்டுமே பெரிய பாதிகள். சேர்த்தால் ஒரு மாத்திரையைவிடப் பெரிய மாத்திரை வந்தது.

அப்படியென்றால் இவை ஒரே மாத்திரையின் பாதிகள் இல்லை. இவற்றின் சின்னப் பாதிகள் வேறு ஒருவர் வயிற்றுக்குள் போயிருக்கின்றன. அந்த வேறு ஒருவர் யார் என்பது எனக்கு அடுத்த நொடியே தெரிந்துவிட்டது. அதே சோதனையில், டெய்லரம்மாவுக்கு எதிர் பெஞ்சில் உட்காரும் என் அக்கா ஒவ்வொரு நாளும் சாப்பிட்டு முடித்ததும் இரண்டு துண்டுகளை வாயில் போட்டுக்கொள்வதை மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கேட்டதற்கு, "முழுசாப் போட்டா தொண்டையில மாட்டுதுடி" என்றாள். நானும் தலையாட்டினேன். மாத்திரை எண்ணுவதையே பிழைப்பாக வைத்திருக்கும் என்னை இதைவிடச் சுலபமாக யாரும் ஏமாற்றியிருக்க முடியாது.

நான் வேலை செய்யும் இந்த மருத்துவமனையில் நுரையீரல் இறுகிப்போகும் நோய்க்கு ஒரு புது மருந்தின் சோதனை நடக்கிறது. நூற்றிருபது பேர். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற எங்களுக்கும் தெரியாது. அக்கா சேர்ந்தபோதே அவள் என் கூடப் பிறந்தவள் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அதனால் அவளுடைய பாட்டில் எண்ணுவதற்குப் பக்கத்து மேசைக்குப் போகும்.

சேருவதற்கு முன்னால் ஒப்புதல் தாளை வைத்துக்கொண்டு அக்கா ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். எட்டுப் பக்கத் தாளில் எத்தனை இடத்தில் சோதனை என்ற சொல் வருகிறது என்று விரல் விட்டு எண்ணினாள். "சோதனைன்னா என்னடி, சரியாச் சொல்லு" என்றாள். முடிவு என்ன என்று தெரியாமல் செய்வது, தெரிந்தே செய்தால் அதற்குச் சோதனை என்று பேர் இல்லை, என்றேன். "அப்போ நான் எலி" என்றாள். அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து அந்தச் சொல் வீட்டில் படாத பாடு பட்டது. குழம்பில் புளி கூடினால் சோதனை. அத்தான் மீசையை எடுத்துவிட்டு வந்து நின்றால் சோதனை, அதுவும் தோற்றுப்போன சோதனை. சிரித்துச் சிரித்தே அதன் பயத்தைக் கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டோம்.

கோப்புகளை எடுத்தேன். அக்காவுடையதையும் எடுத்தேன், எடுக்கக் கூடாது என்று தெரிந்தும். நான்கு வாரத்துக்கு ஒரு முறை இவர்கள் ஒரு குழாயில் ஊத வேண்டும். மூச்சு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஒரு எண் வரும். அக்கா ஐம்பத்தெட்டில் சேர்ந்தாள். இரண்டு மாதத்தில் ஐம்பத்தொன்றுக்கு இறங்கினாள். அதற்கப்புறம் ஐம்பத்து மூன்று, ஐம்பத்தைந்து, இன்று காலை ஐம்பத்தேழு. டெய்லரம்மா ஐம்பத்தைந்தில் சேர்ந்து இரண்டு மாதத்தில் அறுபத்தொன்றுக்கு ஏறியிருந்தார். அதற்கப்புறம் அறுபது, ஐம்பத்தேழு, இன்று காலை ஐம்பத்திரண்டு.

இரண்டு பேரின் எண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று டாக்டர் எங்களிடம் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார். ஒரு சளிக்கே எண் இறங்கும், நல்ல தூக்கத்துக்கே ஏறும். எல்லாம் சரி. ஆனால் அந்த இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்கு மூச்சு ஊற்றப்படுவதைப் போலத்தான் எனக்கு இருந்தது. ஊற்றி வாங்கிக்கொண்டிருந்தவள் என் அக்கா.

மணி இரண்டரை. நான்கு மணிக்குள் எண்ணிக்கைத் தாள் டாக்டர் மேசையில் இருக்க வேண்டும். உண்மையை எழுதினால் இரண்டு பேரையும் அன்றே நீக்கிவிடுவார்கள். அக்காவுக்கு அந்தப் பாதியும் போய்விடும். எழுதாவிட்டால் டெய்லரம்மா இறங்கிக்கொண்டே இருப்பார், அதற்குக் கீழே என் கையெழுத்து இருக்கும். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பல் வலி என்று சக ஊழியரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

டெய்லரம்மாவின் கடை மருத்துவமனைக்குப் பின்னால் இரண்டாவது தெருவில். ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தார்கள். குனிந்து நுழைந்தேன். இரண்டு தையல் மிஷின், ஒரு வெட்டு மேசை, சுவரோரமாகத் தைத்து முடித்து மாட்டிய பிளவுஸ்கள். மேசையில் துணி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைத் தாள், அதன்மேல் காலையில் நாங்கள் கொடுத்த இரண்டு புது பாட்டில்கள், இரண்டு கிண்ணங்கள். டெய்லரம்மா நூல் வெட்டும் சின்னக் கத்தரியால் மாத்திரையை நறுக்கிக்கொண்டிருந்தார். அக்கா எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, கிண்ணத்துக்கு ஒரு பாதியாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். மாட்டிக்கொண்ட முகமே இல்லை அவளுக்கு.

"வா" என்றாள். "என்னைக்காவது நீ வருவேன்னு தெரியும்."

"எத்தனை நாளா நடக்குது இது?"

"மூணு மாசமா" என்றார் டெய்லரம்மா. "உங்க அக்காவைத் திட்டாதீங்க. யோசனை என்னுது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தினேன். "இது என்ன கடலை மிட்டாயா, பாதி உனக்குப் பாதி எனக்குன்னு பிச்சுக்க? நூத்திருபது பேரோட சோதனை இது. நீங்க ரெண்டு பேரும் அதுல மண்ணை அள்ளிப் போடறீங்க. நாளைக்கு இந்த மருந்து வேலை செய்யலைன்னு தப்பா முடிவு வந்தா, இந்த நோய் வரப்போற அத்தனை பேருக்கும் யாரு பதில் சொல்றது?"

"அந்த நூத்திருபதுல நாங்களும் ரெண்டு பேர்டி" என்றாள் அக்கா. "மாத்திரையை எண்ணத் தெரியுது, எங்களை எண்ண மட்டும் மறந்துடற."

வெளியே ஒரு ஆட்டோ கிளம்ப முடியாமல் உறுமிக்கொண்டிருந்தது. அக்காவே தொடர்ந்தாள். "இன்னிக்கு என் நம்பரைப் பாத்தியா? மாடிப்படியை நிக்காம ஏறினேன் தெரியுமா? எத்தனை மாசத்துக்கு அப்புறம்!" அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சின்ன வயதில் என்னை ஓட்டத்தில் ஜெயித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிற அதே முகம். அதைக் கெடுக்க எனக்கு மனசே இல்லை. ஆனால் பைக்குள் அந்தத் தாள் இருந்தது.

"பாத்தேன். அவங்க நம்பரையும் பாத்தேன்" என்றேன்.

கத்தரி நின்றது. "வேண்டாம் தங்கச்சி" என்றார் டெய்லரம்மா, குரலை இறக்கி.

"எவ்வளவு?" என்று அக்கா என்னைக் கேட்டாள். பிறகு அவரைப் பார்த்து, "அறுபதுலதான் இருக்குன்னு சொன்னீங்களே?"

"ஐம்பத்திரண்டு" என்றேன்.

அக்கா கிண்ணங்களைப் பார்த்தாள். ஏதோ கணக்குப் போடுகிறவள் மாதிரி உதடு அசைந்தது. நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாம், எடுத்துக்குங்க, எல்லாம் உங்களோடதுதான் என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். நான் அறிந்த என் அக்கா அதைத்தான் சொல்வாள். அவள் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது. கூடவே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் நிம்மதியும் வந்தது.

டெய்லரம்மாதான் பேசினார். "முதல் ரெண்டு மாசம் எனக்கு நல்லா இருந்துச்சு. எதிர் பெஞ்சில உங்க அக்கா இருமிக்கிட்டே இருப்பாங்க. நான் மட்டும் நல்லா இருப்பேன். வீட்டுக்குப் போனா சோறு இறங்காது. அதனாலதான் கேட்டேன், பாதி வெச்சுக்கறீங்களான்னு." சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். இரண்டு வாக்கியத்துக்கு ஒரு முறை நிற்க வேண்டியிருந்தது. முன்பெல்லாம் அவர் பேசினால் நிறுத்த முடியாது. "இது என் பாட்டில். நான் யாருக்கு வேணா குடுப்பேன்."

"நீங்க குடுக்கறீங்க. அவ வாங்கணுமே" என்றேன். அதை அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கிண்ணத்தைப் பார்த்துச் சொன்னேன்.

என் கைப்பேசி அடித்தது. டாக்டர். எடுத்துக் காதில் வைத்தேன். அந்தச் சத்தத்திலோ என்னவோ டெய்லரம்மா அவசரமாகத் தன் பாட்டிலிலிருந்து அடுத்த மாத்திரையை எடுத்துக் கத்தரியை அழுத்தினார். ஒரு பாதி தாளிலேயே விழுந்தது. இன்னொன்று எகிறித் தரையில் விழுந்து மேசைக்கு அடியில் உருண்டது.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனியப் போனார்கள். இரண்டு பேராலும் முடியவில்லை. டெய்லரம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமினார். அக்கா பாதி குனிந்தவள் அப்படியே நின்று நெஞ்சை அழுத்திக்கொண்டாள். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் மண்டியிட்டேன். நூல் பிசிறு, சுண்ணக்கட்டித் துண்டு, அறுந்த கொக்கிகள். சுவரோரமாக அது கிடந்தது. எடுத்து ஊதித் தூசியைத் தட்டினேன். காதுக்குள் டாக்டர், "டெய்லரம்மா எண்ணிக்கை இன்னும் வரலையே, சரியாத்தானே இருக்கு? சொல்லுங்க" என்றார்.

மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்து நிமிர்ந்தேன். ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன விரல்களோடு ஒரு கை என் முகத்துக்கு நேரே நீண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், ஒரு சாண் தள்ளி, தயங்கித் தயங்கி, என் அக்காவின் கை விரிந்துகொண்டிருந்தது.