மூன்றாவது டம்ளர்

ஆயிரம் பேருக்குச் சமைக்கச் சொல்லுங்கள், கண்ணை மூடிக்கொண்டு சமைத்துவிடுவேன். ஒரே ஒருவருக்குச் சமைக்கச் சொன்னால் எனக்குக் கை ஓடாது. இருபத்தாறு வருஷமாகக் கேட்டரிங் நடத்துகிறவள் இப்படிச் சொன்னால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். என் சனிக்கிழமை வகுப்புக்கு வந்தவர்கள் முதல் நாளே சிரித்துவிட்டார்கள்.

'பயமில்லாமல் சமைக்கலாம், வாங்க' என்று சமையல்கூட வாசலில் நானே எழுதி மாட்டியிருந்தேன். அடுப்பைப் பற்றவைக்கவே தெரியாதவர்களுக்கு ஆறு சனிக்கிழமை. ஏழு பேர் சேர்ந்தார்கள். ஒரு நர்ஸ், ஒரு கணக்கு வாத்தியார், இன்னும் நாலு பேர், ஏழாவதாக என் அண்ணன்.

அண்ணனுக்கு அறுபத்து மூன்று வயது. என்னைவிட எட்டு வயது பெரியவன். அண்ணி போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அண்ணி இருந்தவரை அவனை அடுப்படிப் பக்கமே விட்டதில்லை; சின்ன வயதில் தெரிந்திருந்த கொஞ்சமும் மறந்துபோயிருந்தது. இப்போது மூன்று வேளையும் ரொட்டியும் வாழைப்பழமும் தின்று, சட்டை அவன் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. வெளியூரில் இருக்கும் அவன் மகன் கெடு வைத்துவிட்டான். ஆறு வாரத்துக்குள் சமைக்கக் கற்றுக்கொண்டால் இங்கேயே இருக்கலாம், இல்லையென்றால் வீட்டைக் காலி செய்துவிட்டு அவனோடு கிளம்ப வேண்டும்.

"இந்த வீட்டை விட்டு எங்க போவேன் பாப்பா? உங்க அண்ணி இன்னும் இங்கதான் நடமாடுறா" என்றான் என்னிடம். ஐம்பத்தைந்து வயதில் என்னைப் பாப்பா என்று கூப்பிட அவன் ஒருவன்தான் மிச்சம்.

முதல் நாள் சோறு வைப்பது. கணக்கு வாத்தியார் நோட்டைத் திறந்து, "ஒருத்தருக்கு எவ்வளவு மேடம்?" என்று கேட்டார். நான் திருதிருவென்று முழித்தேன். "இருநூறு பேருக்கு இருபது கிலோ அரிசி, முப்பது லிட்டர் தண்ணி. நீங்களே வகுத்துக்குங்க" என்றேன். அவர் வகுத்தார். நூறு கிராம் அரிசி, நூற்றைம்பது மில்லி தண்ணீர். ஏழு சின்னப் பாத்திரங்கள் அடுப்பில் ஏறின. பத்து நிமிஷத்தில் ஏழும் தீய்ந்த வாடை. மேலே வேகாத அரிசி, அடியில் கரி.

பெரிய அண்டாவில் ஆவிக்குப் போக்கிடம் கிடையாது. சின்னப் பாத்திரத்தில் பாதித் தண்ணீர் பறந்துவிடும். இந்தச் சின்ன விஷயம் அன்றுதான், என் மாணவர்களோடு சேர்ந்து எனக்குத் தெரிந்தது. "வகுத்தல் சரி மேடம், சோறுதான் தப்பு" என்றார் வாத்தியார். "இதைச் சாப்பிட்டா பேஷன்ட் பிழைக்க மாட்டார்" என்றாள் நர்ஸ். கூடமே சிரித்தது.

அண்ணன் சிரிக்கவில்லை. கரிந்த பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, "எனக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது. பையன் கூடவே போயிடறேன்" என்றான். "அடுத்த வாரம் வாண்ணே. அதுக்குள்ள நான் கத்துக்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டேன். அந்த வாரம் என் வீட்டில் தீய்ந்த பாத்திரங்கள் பதினொன்று.

அடுத்த சனிக்கிழமை அண்ணன் ஒரு துணிப்பையோடு வந்தான். உள்ளே இருந்து அலுமினிய டம்ளர் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தான். விளிம்பில் ஒரு நசுங்கல். பார்த்த உடனே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"பரண்ல தேடி எடுத்தேன். உன் கிலோக் கணக்கெல்லாம் எனக்கு வேணாம். இதுல ஒண்ணு அரிசி, ரெண்டு தண்ணி" என்றான். அரிசியைக் களைந்து போட்டு, மூடி, தீயைக் குறைத்தான். அப்புறம் குனிந்து மூடிக்குப் பக்கத்தில் காதை வைத்தான்.

"என்ன சார் சொல்லுது?" என்று கேட்டாள் நர்ஸ்.

"இப்ப கொதிக்குது. கொஞ்ச நேரத்துல அந்தச் சத்தம் அடங்கி, சின்னதா படபடன்னு வரும். அப்ப நிறுத்திடணும்."

ஏழு தலைகள் ஏழு பாத்திரங்கள் மேல் குனிந்தன. எட்டாவதாக நானும் குனிந்தேன்.

அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போய்விட்ட பிறகு, நாங்கள் ஒரு அச்சகத்துக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது, அவனுக்குப் பதினேழு. பகலெல்லாம் கிடங்கில் மூட்டை தூக்கிவிட்டு வருவான். கீழே மெஷின் ஓடும்போது தரை அதிரும், தட்டு தானாக நகரும், மையும் மண்ணெண்ணெயும் கலந்து வாசனை அடிக்கும். ஏழு மணிக்கு மெஷின் நிற்கும். அதற்காகவே காத்திருந்து அடுப்பைப் பற்றவைப்பான். அந்த அமைதியில் சோறு பேசுவது அவனுக்குக் கேட்கும். சோற்றின்மேல் வதக்கிய வெங்காயம், அதன்மேல் ஒரு முட்டை. அந்தத் தட்டைப்போல ஒரு தட்டை நான் எந்தக் கல்யாணத்திலும் வைத்ததில்லை. அந்த அறை இப்போது இருந்தால் படியேறிப் போய் அப்படியே உட்கார்ந்துகொள்வேன்.

நான் சாப்பிடும்போது அவன் ஜன்னலில் சாய்ந்து நிற்பான். "நீ சாப்பிடு பாப்பா. நான் டேஸ்ட் பாக்கும்போதே சாப்டுட்டேன்" என்பான். தினமும் அதே பேச்சு. ஒரு நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "டேஸ்ட் பாக்கறேன்னு பாதியத் தின்னுட்டு எனக்குக் கொஞ்சமா போடறியா?" என்று கத்தி டம்ளரைச் சுவரில் வீசினேன். அந்த நசுங்கல் நான் போட்டது.

அன்று வகுப்பில் ஏழு சோறும் பூவாக வந்தது. எல்லோரும் போன பிறகு பாத்திரம் கழுவினேன். டம்ளர் மேஜையிலேயே இருந்தது. தொழில் புத்தி, சும்மா இருக்குமா? தலைதட்டி அரிசியை நிரப்பித் தராசில் கொட்டினேன். நூற்றைந்து கிராம்.

தலைக்கு நூறு கிராம். ஒவ்வொரு ஆர்டர் சீட்டிலும் நான் எழுதும் எண் அது. கூடப் பத்துவகைப் பதார்த்தம் இருந்தால்தான் அதுவும் போதும். இந்த டம்ளர் ஒரு ஆளுக்கு. அச்சகத்து மாடியில் அவன் தினமும் அளந்தது இது ஒன்றுதான். நாங்கள் இரண்டு பேர். ஊரில் யார் யாருக்கோ தலையெண்ணி அரிசி போட்டவள், என் வீட்டுத் தலைகளை மட்டும் எண்ணாமல் விட்டிருக்கிறேன். தராசின் முன்னால் நின்று ஓவென்று அழுதேன்.

அவனிடம் கேட்கவில்லை. கேட்டால் சிரித்து மழுப்புவான். அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் முட்டை, உருளைக்கிழங்கு, கீரை என்று அவன் கை தேறிக்கொண்டே போனது. சந்தேகம் வந்தால் நர்ஸ் என்னை விட்டுவிட்டு அவனிடம்தான் ஓடினாள். எனக்குக் கொஞ்சம் பொறாமை, நிறையச் சந்தோஷம்.

ஆறாவது சனிக்கிழமை, வகுப்பு முடிந்த மதியம், அண்ணன் வீட்டில் பரீட்சை. மூன்று மாடி ஏறி மகன் வந்தான். கையில் ஒரு பெரிய காலிப் பெட்டி. அதை வாசலுக்குப் பக்கத்திலேயே வைத்தான்.

"தப்பா நினைக்காதீங்க அத்தை. அப்பாவுக்கு முடியலன்னா இன்னைக்கே கூட்டிட்டுப் போயிடலாம்னுதான்."

அண்ணன் அரிசியை அளந்தான். ஒரு டம்ளர். இரண்டு டம்ளர். அரிசி டப்பாவை மூடிவிட்டான். நானும் எண்ணிக்கொண்டேன். மூடியில் காது வைத்தான், சரியான நேரத்தில் நிறுத்தினான். இரண்டு தட்டு வைத்து, சோறு, வெங்காயம், மேலே ஒவ்வொரு முட்டை.

மகன் ஒரு வாய் சாப்பிட்டான், உடனே இன்னொரு வாய் எடுத்தான். "அம்மா பண்ற மாதிரி இல்லப்பா. ஆனா ரொம்ப நல்லாருக்கு" என்றான். அண்ணன் முகம் மலர்ந்தது.

"உங்க தட்டு எங்கப்பா?"

"நீங்க சாப்பிடுங்க. நான் டேஸ்ட் பாக்கும்போதே சாப்டுட்டேன்." ஜன்னலில் சாய்ந்து நின்றான்.

தட்டைத் தள்ளி வைத்தேன். "ஃபெயில்" என்றேன்.

அண்ணன் முகம் செத்துப்போயிற்று. முதலில் பெட்டியைத்தான் பார்த்தான். "ஏன் பாப்பா? உப்பா?"

"உப்பு சரி. அளவு தப்பு. மூணு பேர் இருக்கோம், ரெண்டு டம்ளர் போட்டிருக்க. இந்த டம்ளர் ஒரு ஆளுக்குத்தான்ணே. நூத்தஞ்சு கிராம். நிறுத்துப் பாத்துட்டேன்."

அவன் விரல் டம்ளரின் நசுங்கலைத் தடவியது. "எப்பப் பாத்த?"

"ரெண்டாவது வாரம்."

"அப்பவே கேட்டிருக்கலாம்ல?"

"நாப்பத்தாறு வருஷமா நீ சொன்னியா?"

மகன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். அச்சகத்து மாடியையும் ஒரு டம்ளர் சோற்றையும் நாலே வார்த்தையில் சொல்லி முடித்தேன். அவன் கண் கலங்கிவிட்டது, குரல் மட்டும் கறாராக வந்தது. "தனக்குன்னு ஒரு பிடி வெச்சுக்கத் தெரியாத ஆளை நான் எப்படி அத்தை தனியா விடறது?"

அடடா, காரியத்தைக் கெடுத்துவிட்டேனே என்று எனக்கு உள்ளே பதறியது. அவன் சொன்னதில் தப்பும் இல்லை.

அண்ணன் ஜன்னலை விட்டு வந்தான். டப்பாவைத் திறந்து, டம்ளரைக் கோபுரமாக நிரப்பி, மகன் பார்க்கத் தூக்கிக் காட்டினான். "இது எனக்கு. இருங்க, கால் மணி நேரம்" என்றான்.

நாங்கள் சாப்பிடாமல் காத்திருந்தோம். பாத்திரத்தின் சத்தத்தைத் தவிர வீட்டில் வேறு சத்தம் இல்லை. தனக்கு இரண்டு முட்டை பொரித்துக்கொண்டு எங்கள் நடுவில் உட்கார்ந்தான். அவன் சமைத்ததை அவனே சாப்பிட்டு நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. வேக வேகமாகச் சாப்பிட்டான், பதினேழு வயசுப் பையனைப்போல.

"அடுத்த மாசம் வரேன். அப்பவும் உங்க தட்டைப் பாப்பேன். பெட்டியை எடுத்துட்டுப் போறேன்" என்றான் மகன்.

அண்ணன் தலையாட்டினான். தட்டை வழித்து விரலை நக்கினான். பிறகு, கொஞ்சம் வெட்கத்தோடு என்னைப் பார்த்தான்.

"பத்தல பாப்பா" என்றான்.

என் தட்டிலிருந்து பாதியை அள்ளி அவன் தட்டில் போட்டேன்.